டிஏடிஜிஏடி சுருதியில் ஒரு கிட்டாருக்குத் தூய விகித ஃப்ரெட்டுகள்: நிகழ்வு ஆய்வு

இங்கே ஆராயப்படும் கருவி, இரும்புக் கம்பிகள் பூட்டிய, 650 மில்லிமீட்டர் கம்பி நீளம் கொண்ட ஓர் அக்கூஸ்டிக் கிட்டார். அதன் உரிமையாளர் தனியாக வாசிப்பவர். தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று சுருதி சேர்த்து, டி சுரத்தையே ஆதாரமாகக் கொண்டு வாசிப்பவர். திறந்த கம்பிகள் தொடர்ந்து ஒலித்துக்கொண்டிருக்கும்போது அவற்றின் மேல் எஃப் ஷார்ப் சுரத்தைப் பிடித்தால் ஒலி நடுங்குகிறது என்பது அவருடைய குறை. சேடிலை (உடலின் மேல், பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) திருத்தியும், கம்பிகளைப் புதிதாக மாற்றியும், ட்யூனரில் ஒவ்வொரு கம்பியையும் நுணுக்கமாகச் சேர்த்தும் அந்த நடுக்கம் நீங்கவில்லை. அது நீங்காததற்குக் கருவியின் பழுது காரணமன்று. ஃப்ரெட்டுகள், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பித் துண்டுகள், எந்தக் கணக்கின்படி பதிக்கப்பட்டிருந்தனவோ அந்தக் கணக்கே காரணம். ஆகவே, சுரங்களின் அதிர்வெண்கள் சிறு முழு எண்களின் விகிதத்தில் அமையும், ஜஸ்ட் இன்டனேஷன் எனப்படும் தூய விகிதச் சுருதிக்கு இயன்றவரை நெருங்கும்படி ஃப்ரெட்டுகளை இடம் மாற்றிப் பதிப்பது என்று முடிவாயிற்று.

இன்றைய கிட்டார்கள் ஏறத்தாழ எல்லாமே ஸ்தாயியை 12 சம பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் 100 சென்ட்டாகக் கொள்கின்றன. இந்தப் பகுப்பில் பஞ்சமம் 700 சென்ட்டில் விழுகிறது. தூய பஞ்சமமான 3/2 விகிதம் 701.96 சென்ட் என்பதால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காது பொருட்படுத்துவதில்லை. மேஜர் தேர்டின் (டி-யிலிருந்து எஃப் ஷார்ப் வரை உள்ளது போன்ற இடைவெளி) நிலை வேறு. 5/4 என்ற தூய விகிதம் 386.3 சென்ட், சமப் பகுப்போ 400 சென்ட்டைத் தருகிறது. மைனர் தேர்ட் (டி-யிலிருந்து எஃப் வரை) எதிர்ப்பக்கமாகப் பிசகுகிறது: தூய 6/5 விகிதம் 315.6 சென்ட்டாக இருக்க, ஃப்ரெட் 300 சென்ட்டில் நிற்கிறது.

அந்தக் குறையை எண்களிலேயே காணலாம். நான்காம் கம்பியின் திறந்த டி சுரம் 146.83 ஹெர்ட்ஸ். ஐந்தாம் கம்பியின் 9-ஆம் ஃப்ரெட்டில் கிடைக்கும் எஃப் ஷார்ப் சமப் பகுப்பில் 185 ஹெர்ட்ஸ். டி சுரத்தின் ஐந்தாம் சீரிசை, அதாவது அதன் அதிர்வெண்ணின் ஐந்து மடங்கு, 734.2 ஹெர்ட்ஸிலும், எஃப் ஷார்ப்பின் நான்காம் சீரிசை 740 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கின்றன. அருகருகே நிற்கும் இந்த இரண்டும் சேர்ந்து வினாடிக்கு ஏறக்குறைய 6 விம்மல்களை (ஒலி கூடிக் குறையும் துடிப்புகள்) உண்டாக்குகின்றன. வாசிப்பவர் நடுக்கம் என்று சொன்னது இதைத்தான். எஃப் ஷார்ப் 183.54 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் இரண்டு சீரிசைகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்திவிடும், விம்மல் இராது. வேகமாக வாசித்துக் கடந்துபோகும் இசையில் 6 விம்மல்கள் கவனத்துக்கு வருவதில்லை. ஆனால் சுரங்களை நீண்ட நேரம் ஒலிக்கவிட்டுக் கேட்கும் வாசிப்பில் அவற்றைத் தவிர வேறெதுவும் காதில் விழுவதில்லை. அவருடைய புகார் முற்றிலும் நியாயமானது.

சுருதி சேர்க்கும் முறையே முதல் முடிவு

தூய விகிதங்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஃப்ரெட் இடங்களைக் கணக்கிடத் தொடங்குவது பலர் செய்வது. என் கருத்தில் அது தலைகீழான வழி. எந்தச் சுரம் ஆதாரம், திறந்த கம்பிகள் தமக்குள் என்ன விகிதத்தில் நிற்கின்றன என்ற இரண்டும் உறுதியாகும்வரை ஃப்ரெட்டைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

வழக்கமான இ, ஏ, டி, ஜி, பி, இ சுருதியை எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு மத்திம இடைவெளிகளும் ஒரு மேஜர் தேர்டும் உள்ளன. எல்லாவற்றையும் தூயனவாக வைத்து 4/3 விகிதத்தை நான்கு முறை பெருக்கி, அதை 5/4 ஆல் பெருக்கினால் 320/81 வருகிறது. தடித்த இ கம்பிக்கும் மெல்லிய இ கம்பிக்கும் இடையே இரண்டு ஸ்தாயிகள், அதாவது 4 என்ற விகிதம் இருந்தாக வேண்டும். விடை அதற்கு 81/80 அளவு, அதாவது 21.5 சென்ட் குறைகிறது. இதுவே சின்டோனிக் கமா. ஆதார சுரம் ஜி என்றால் இ–ஏ கம்பிகளுக்கு இடையிலும், டி என்றால் பி–இ கம்பிகளுக்கு இடையிலும் இந்தக் கமாவை ஒளித்துவைக்கலாம். ஒளித்துவைக்கலாமே தவிர ஒழிக்க முடியாது. கமா விழுந்த இடத்துக்கு இருபுறமும் உள்ள கம்பிகள் ஒரே நேரான ஃப்ரெட்டைப் பகிர்ந்துகொள்ள மறுக்கின்றன. அதனால்தான் வழக்கமான சுருதிக்கென அமைத்த தூய விகிதக் கிட்டார்களில் ஃப்ரெட்டுகள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கின்றன.

டிஏடிஜிஏடி சுருதியில் இந்தத் தொல்லை இல்லை. அடுத்தடுத்த கம்பிகளின் விகிதங்கள் 3/2, 4/3, 4/3, 9/8, 4/3. இவற்றைப் பெருக்கினால் மிச்சமின்றி 4 கிடைக்கிறது. ஆறு கம்பிகளில் மூன்றே சுரங்கள்தாம்: டி, அதற்கு மேல் 3/2 விகிதத்தில் ஏ, 4/3 விகிதத்தில் ஜி. வாசிப்பவர் இந்தச் சுருதியை வேறு காரணங்களுக்காகத் தேர்ந்திருந்தாலும், இந்த வேலைக்கு அதைவிட இணக்கமான ஒன்று அமைவது அரிது.

சுருதி சேர்ப்பதும் இதில் எளிதாகிறது. ஒரு கம்பியின் 5-ஆம் ஃப்ரெட் மேல் தொடும் சீரிசையை அடுத்த கம்பியின் 7-ஆம் ஃப்ரெட் மேல் தொடும் சீரிசையோடு ஒத்துப்போகச் செய்வது கிட்டார் வாசிப்பவர்கள் பலருக்கும் பழகிய முறை. சமப் பகுப்புக் கிட்டாரில் அது கம்பிக்குக் கம்பி 2 சென்ட் பிழையைச் சேர்த்துக்கொண்டே போகும். தூய மத்திமமே வேண்டும் என்ற இந்தக் கருவியிலோ அது முற்றிலும் சரியான முறை.

கணக்கு

நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் தங்கும் துண்டு) ஃப்ரெட்டின் தூரம் காண, கம்பி நீளத்திலிருந்து, அந்த நீளத்தை விகிதத்தால் வகுத்து வந்ததைக் கழிக்க வேண்டும். 5/4 விகிதத்துக்கு 650 கழித்தல் 520, அதாவது 130 மில்லிமீட்டர். சமப் பகுப்பில் அதே 4-ஆம் ஃப்ரெட் 134.09 மில்லிமீட்டரில் இருந்தது. ஆக, அது நட் பக்கமாக 4 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நகர வேண்டும். 3-ஆம் ஃப்ரெட் 103.42-இலிருந்து 108.33-க்குப் பிரிட்ஜ் பக்கமாக நகர்கிறது.

ஒவ்வொரு ஃப்ரெட்டையும் மூன்று சுரங்களின் கம்பிகளிலும் தனித்தனியே சோதித்துப் பார்த்தபோது கிடைத்தது நிறைவளித்தது. 4-ஆம் ஃப்ரெட்டில் டி கம்பிக்கு எஃப் ஷார்ப் (டி-யிலிருந்து 5/4), ஏ கம்பிக்கு சி ஷார்ப் (டி-யிலிருந்து 15/8), ஜி கம்பிக்கு பி (டி-யிலிருந்து 5/3) வேண்டும். மூன்றுக்குமே அந்தந்தத் திறந்த கம்பியிலிருந்து 5/4 தான் தேவை. எனவே ஒரே நேரான ஃப்ரெட் போதும். 3, 5, 7, 8, 11 ஆகியவையும் இப்படியே நேராக அமைகின்றன. முரண்படுபவை 1, 2, 6, 9, 10 ஆகிய ஐந்து.

இவற்றுள் முதன்மையானது 2-ஆம் ஃப்ரெட். டி கம்பியில் அங்கே இ சுரம் 9/8 ஆகவும், ஜி கம்பியில் ஏ சுரம் அதே 9/8 தூரத்திலும் வேண்டும். ஏ கம்பியில் மட்டும் பி சுரம் 5/3 ஆக அமைய வேண்டுமானால் 10/9 தூரம் தேவை. முன்னது 72.22 மில்லிமீட்டர், பின்னது 65.00. ஏழு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இந்த இடைவெளியை எந்தச் சமரசத்தாலும் மூட இயலாது; ஃப்ரெட்டை வெட்டித்தான் ஆக வேண்டும்.

எதை நகர்த்தாமல் விடுவது

கணக்கு தரும் இடங்களையெல்லாம் அப்படியே மரத்தில் வெட்டியிருந்தால் வேலை இருமடங்காகியிருக்கும். காதுக்கு எட்டும் பயன் அதற்கேற்ப வளர்ந்திருக்காது. 7-ஆம் ஃப்ரெட்டின் தூய இடம் 216.67, பழைய இடம் 216.18. அரை மில்லிமீட்டர் தள்ளிப் புதுப் பள்ளம் அறுக்க, சுமார் 0.6 மில்லிமீட்டர் அகலமுள்ள பழைய பள்ளம் இடங்கொடுக்காது. நடுவே மரமே மிஞ்சாது. அங்கே உள்ள பிழையோ 2 சென்ட். கிட்டார் கம்பியை அழுத்தமாக மீட்டினால் தொடக்கத்தில் சுருதி சில சென்ட் ஏறிப் பிறகு இறங்குகிறது. விரலின் அழுத்தம் மாறினாலும் அதே அளவு மாறுகிறது. எனவே 2 சென்ட்டுக்காக ஃபிங்கர்போர்டைப் பலவீனப்படுத்துவதை நான் ஏற்கவில்லை. 5, 7, 12 ஆகிய மூன்றும் தொடப்படவில்லை.

2-ஆம் ஃப்ரெட்டின் டி, ஜி கம்பிகளுக்கான பகுதியும் பழைய பள்ளத்திலேயே, 70.92-இல் விடப்பட்டது. அதனால் இ சுரம் 9/8-க்கு 4 சென்ட் தாழ்ந்து நிற்கிறது. 9-ஆம் ஃப்ரெட்டில் மற்றக் கம்பிகளுக்கு 5/3 ஆகிய 260.00 தேவைப்பட, ஜி கம்பிக்கு மட்டும் 27/16 ஆகிய 264.81 தேவைப்பட்டது, பழைய பள்ளம் 263.51-இல் இருந்ததால் ஜி கம்பியின் துண்டு அங்கேயே நின்றது. 10-ஆம் ஃப்ரெட்டில் இதன் மறுதலை: டி, ஜி கம்பிகளுக்கு 9/5 ஆகிய 288.89-இல் புதுப் பள்ளம் வெட்டப்பட்டது. ஏ கம்பிகளுக்கு வேண்டிய 16/9-க்குப் பழைய பள்ளமே 4 சென்ட்டுக்குள் வந்துவிட்டது. இப்படிப் பழைய பள்ளங்களே துண்டு ஃப்ரெட்டுகளில் பாதியைத் தாங்கிக்கொண்டன. பழைய பள்ளத்தில் தங்கிய இ சுரங்கள் மூன்று இடங்களிலும் தமக்குள் 4 சென்ட்டுக்கு மேல் விலகவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்த பிறகே இந்த விட்டுக்கொடுப்புகளுக்கு உடன்பட்டேன். ஒரே சுரம் இடத்துக்கு இடம் வெவ்வேறாக ஒலிப்பது, எங்கும் சிறிது தாழ்ந்து ஒலிப்பதைவிட மோசமானது.

1-ஆம் ஃப்ரெட் 16/15 விகிதத்துக்கு, 40.63-இல் நேராகப் பதிக்கப்பட்டது. ஜி கம்பியில் ஜி ஷார்ப் 45/32 ஆக வேண்டுமென்றால் அங்கும் ஒரு துண்டு தேவைப்பட்டிருக்கும்; வாசிப்பவர் அந்தச் சுரத்தை அந்த இடத்தில் எடுப்பதே இல்லை. 6-ஆம் ஃப்ரெட் 45/32-க்கு, 187.78-இல் நேராக வைக்கப்பட்டது. ஜி கம்பியில் அதுவே ஏ மேஜர் கார்டின் (ஒன்றாக ஒலிக்கும் சுரங்களின் தொகுதி) சி ஷார்ப் என்பதால், ஏ கம்பியின் இ ஃப்ளாட்டை விட்டுக்கொடுத்து அதைக் காப்பாற்றியது சரியான தேர்வு. 7/4 விகிதத்தில் இன்னும் தாழ்ந்த சி சுரத்துக்கு ஒரு துண்டு சேர்க்கலாமா என்ற கேள்வியும் எழுந்தது. அவருடைய இசைக்கு அது தேவைப்படவில்லை.

பணிமேசையில்

கம்பியின் உண்மையான கணக்கு நீளத்தை நட்டிலிருந்து சேடில் வரை அளக்கக் கூடாது. அழுத்தும்போது கம்பியின் இழுவிசை கூடிச் சுரம் ஏறுவதை ஈடுசெய்ய, சேடில் ஏற்கெனவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்தள்ளி வைக்கப்பட்டிருக்கும். நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் வரை அளந்து இரட்டிப்பதே முறை. இங்கே அந்த அளவு 325.0 மில்லிமீட்டர், இரட்டித்தால் 650. எல்லா இடங்களும் நட்டிலிருந்தே குறிக்கப்பட்டன. ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததை அளந்து சென்றால் சிறு பிழைகள் கூடிக்கொண்டே போகும்.

நகர வேண்டிய ஃப்ரெட்டுகளைச் சால்டரிங் அயர்னால் சூடாக்கி, வாய் தட்டையாகத் தேய்த்த குறடால் ஓரத்திலிருந்து சிறிது சிறிதாகத் தூக்கினால் மரம் சிதறாமல் கழன்றுவரும். காலியான பள்ளங்களில் அதே வகை ரோஸ்வுட்டின் மெல்லிய பட்டைகளை ஒட்டி, காய்ந்தபின் ஃபிங்கர்போர்டின் வளைவுக்கு ஏற்பத் தேய்த்துச் சமப்படுத்தி, அதன் பிறகே புதுப் பள்ளங்கள் அறுக்கப்பட்டன. துண்டு ஃப்ரெட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு கம்பியின் அகலத்துக்கு, ஏழெட்டு மில்லிமீட்டர் நீளமே உள்ளவை. இவ்வளவு குட்டையான துண்டைப் பள்ளத்தின் பிடிப்பு மட்டும் நிறுத்திவைக்காது. எபாக்சி கொண்டு ஒட்ட வேண்டியிருந்தது. துண்டுகளின் முனைகளை இருபுறமும் சரிவாகத் தேய்க்காவிட்டால் பக்கவாட்டில் அசையும் கம்பி அவற்றில் சிக்கும்.

எல்லாவற்றையும்விடக் கவனம் கேட்டது ஃப்ரெட்டின் முகடு. உயரத்தைச் சமன்செய்யத் தேய்க்கும்போது முகடு தட்டையாகிறது. கம்பி அதன் நடுவில் அல்லாமல் பிரிட்ஜ் பக்க விளிம்பில் தங்குகிறது. 4-ஆம் ஃப்ரெட்டில் 1 மில்லிமீட்டர் விலகல் 3.3 சென்ட், 12-ஆம் ஃப்ரெட்டில் அதுவே 5.3 சென்ட். ஆகவே தேய்த்த ஒவ்வொரு முகட்டையும் அரத்தால் மீண்டும் உருட்டி, தொடும் கோடு சரியாக நடுவில் வரும்படி செய்யாமல், பள்ளத்தைத் துல்லியமாக அறுத்ததாகச் சொல்லிக்கொள்வதில் பயனில்லை.

நட்டின் பள்ளங்களும் தாழ்த்தப்பட்டன. நட் உயர்ந்திருந்தால் முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் அழுத்தும்போது கம்பி அதிகமாக இழுபட்டுச் சுரம் ஏறும். 6/5-க்கென்று கணக்கிட்ட இடம் 6/5 தராது. இ-யிலிருந்து டி-க்குத் தளர்த்திய ஆறாம் கம்பியில் இந்த ஏற்றம் இன்னும் கூடுதல் என்பதால் அங்கே வழக்கத்தைவிடத் தடித்த கம்பி பூட்டப்பட்டது. கடைசியாகச் சேடிலின் தொடுபுள்ளி கம்பிக்குக் கம்பி தனியாகத் திருத்தப்பட்டது. 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்துச் சீரிசையும் ஒன்றாகும்வரை.

கேட்டபோது

நான்காம் கம்பியைத் திறந்தும் ஐந்தாம் கம்பியை 9-ஆம் ஃப்ரெட்டில் பிடித்தும் ஒன்றாக மீட்டியபோது, முன்பு ஒலியின் வால் முழுவதும் ஓடிய துடிப்பு இல்லை. இரு சுரங்களும் அடங்கும்வரை ஒரே சீராக அடங்கின. டி மேஜர், ஜி மேஜர், ஏ மேஜர், பி மைனர் ஆகிய நான்கு கார்டுகளின் தேர்டுகள் இப்போது கணக்கின்படியே தூயவை. ஏ மேஜரில் மட்டும் இ சுரத்தின் 4 சென்ட் தாழ்வு மெதுவான ஓர் அலையாகக் காதில் படுகிறது. டி மைனருக்கு வேண்டிய எஃப் சுரமும், பி ஃப்ளாட் சுரமும் எந்தக் கம்பியில் எடுத்தாலும் ஒன்றாகவே இருக்கின்றன.

விலை கொடுத்தது இ மைனர் கார்டு. இ சுரம் 200 சென்ட்டிலும் பி சுரம் 884.4 சென்ட்டிலும் நிற்பதால் அவற்றுக்கு இடையிலுள்ள பஞ்சமம் 684.4 சென்ட், தூய பஞ்சமத்துக்குப் பதினேழரை சென்ட் குறைவு. அது கடுமையாகவே ஒலிக்கிறது. ஜி மேஜருக்குப் பொருந்தும் பி சுரமும் இ மைனருக்குப் பொருந்தும் பி சுரமும் ஒரு கமா இடைவெளியில் உள்ள இரு வேறு சுரங்கள் என்பதால், எந்த நிலையான ஃப்ரெட் அமைப்பும் இரண்டையும் ஒரே இடத்தில் தர முடியாது. வாசிப்பவர் இதற்குக் கண்ட வழி, அந்தக் கார்டில் பி சுரத்தை ஜி கம்பியின் 4-ஆம் ஃப்ரெட்டில் எடுத்து, விரலைப் பக்கவாட்டில் சற்றே தள்ளி ஏற்றுவது. அந்த ஃப்ரெட் நேரானது என்பதால் கம்பி எதிலும் சிக்குவதில்லை. சி சுரத்திலும் இதே பிளவு உண்டு: ஜி கம்பியின் 5-ஆம் ஃப்ரெட்டில் கிடைக்கும் சி, டி கம்பியின் 10-ஆம் ஃப்ரெட் சி-யைவிட ஏறத்தாழ 20 சென்ட் தாழ்ந்தது. இதை அவர் குறையாகக் கருதவில்லை. ஜி-யின் மத்திமமாக வரும்போது ஒன்றையும், டி மைனர் சாயலில் மற்றொன்றையும் தெரிந்தே எடுக்கிறார்.

விரல்களுக்கும் பழக்கம் மாற வேண்டியிருந்தது. 3-க்கும் 4-க்கும் இடையே முன்பு 30 மில்லிமீட்டருக்கு மேல் இருந்த இடம் இப்போது 21.67, 10-க்கும் 11-க்கும் இடையே டி, ஜி கம்பிகளில் 14.44 மட்டுமே. 12-க்கு மேலும் இதே விகிதங்களைத் தொடர்ந்திருந்தால் 15, 16 ஆகிய ஃப்ரெட்டுகளுக்கு இடையே 11 மில்லிமீட்டர்கூடத் தேறாது; விரல்நுனி அங்கே உட்காராது. அந்தப் பகுதி ஏற்கெனவே நெக் உடலோடு சேரும் இடத்தை ஒட்டியது, அவர் அரிதாகவே போவது. எனவே 13 முதல் எல்லா ஃப்ரெட்டுகளும் சமப் பகுப்பிலேயே விடப்பட்டன.

காப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடுவதைப் பற்றியும் கணக்கிட்டுப் பார்த்தோம். 2-ஆம் ஃப்ரெட்டில் போட்டால் துண்டு ஃப்ரெட்டினால் கம்பிகளின் உறவே குலைகிறது. 5-இல் போட்டால் ஜி ஆதாரமாகிறது. பி சுரம் பொருந்துகிறது, ஆனால் டி கம்பிகளில் சி ஒரு கமா ஏறி நிற்கிறது. 7-இல் மட்டும் நிலைமை நன்று: ஏ ஆதாரமாகி, அதன் இரண்டு வகைத் தேர்டுகளும் மத்திமமும் 2 சென்ட்டுக்குள் அமைகின்றன, இரண்டாம் சுரமான பி மட்டும் 9/8-க்குப் பதில் 10/9-இல் விழுகிறது. கீழ் ஆறு ஃப்ரெட்டுகளை இழந்து மேல்பகுதியில் வாசிக்க வேண்டியிருந்தாலும், ஏ ஆதாரமாக வேண்டும்போது அவர் அப்படியே வாசிக்கிறார்.